ஐந்தரை மணியும் ஒரு கதவும்

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் என்ற சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். கல்யாணம் இல்லாத நாட்களில் அதே தரைதான் இறகுப்பந்து ஆடுகளம். 1960களில் அந்தப் பகுதியில் வளர்ந்த ஒரு சிறுவனுக்குப் பயிற்சி நேரத்தை நிர்ணயித்தது கடிகாரமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. இன்று மண்டபத்தில் விசேஷம் உண்டா இல்லையா என்பதுதான் நிர்ணயித்தது. இல்லையென்று தெரிந்ததும் பள்ளி விட்ட கையோடு ஓடிப்போய் ஆசை தீர ஆடுவார்களாம். பிற்காலத்தில் தன் மகள்களுக்கு எழுதிய கடிதத்தில் பிரகாஷ் படுகோன் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். 1962இல் மாநில இளையோர் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்ற சிறுவன், 1964இல் அதே பட்டத்தை வென்றான். 1971இல், பதினாறு வயதில், தேசிய இளையோர் பட்டமும் மூத்தோர் பட்டமும் ஒரே ஆண்டில் அவனுக்குக் கிடைத்தன. 1979 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1980இல் லண்டனில் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை வீழ்த்தி ஆல் இங்கிலாந்து பட்டம்.

நேர மேலாண்மை பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மண்டபம்தான் நினைவுக்கு வரும். அதிகாலையில் எழு, பட்டியல் போடு, முக்கியமானதை முதலில் செய் என்று சொல்லும் புத்தகங்கள் எல்லாமே, நாள் முழுக்க நம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. மண்டபம் காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த சிறுவனின் கையில் அது இல்லை. ஐப்பசியிலும் தையிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும். மார்கழியிலும் ஆடியிலும் தரை காலி. அவன் செய்தது நேரத்தை ஆள்வது என்பதைவிட, கிடைத்த நேரத்துக்குத் தயாராக நிற்பது. திருக்குறளில் 'காலமறிதல்' என்ற 49ஆம் அதிகாரமும் நிமிடங்களை மிச்சம் பிடிப்பது பற்றியது அல்ல. ஏற்ற வேளை வரும்வரை அடங்கிக் காத்திருப்பதும், வந்ததும் தயங்காமல் இறங்குவதும்தான் அதன் பொருள். மிச்சம் பிடிக்கும் பேச்சு நமக்கு ஆலைச் சங்கோடும் அலுவலக வருகைப் பதிவேட்டோடும் வந்தது. பழைய கணக்கில் ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகள். மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு. ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு குணம் இருந்தது. எல்லா மணி நேரமும் ஒன்றுபோலத்தான் என்ற எண்ணம் அதில் கிடையாது.

இந்தத் துறையில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதற்கு முன் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிட வேண்டும். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்த மாணவர்களில் மூன்று சதவீதம் பேர் மட்டுமே குறிக்கோளை எழுதி வைத்திருந்தார்கள், இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட இவர்களிடம் அதிகம் இருந்தது என்ற கதை பெங்களூரின் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் போன பத்திரிகையாளர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதன் சுவடுகூடக் கிடைக்கவில்லை. பணத்தை வைத்துக் குறிக்கோளை அளக்கும் இந்தக் கதையால் எத்தனை இளைஞர்கள் 'நான் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் தோற்றேன்' என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

உண்மையான ஆய்வுகள் அடக்கமாகப் பேசுகின்றன. 2021இல் பிராட் ஏயோனும் அவருடைய சகாக்களும் 158 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தரவுகள் அவை. நேரத்தைத் திட்டமிடுவது வேலைத் திறனுக்கு ஓரளவு உதவுகிறது, ஆனால் வாழ்க்கை நிறைவோடுதான் அதற்கு நெருக்கம் அதிகம் என்று தெரிந்தது. அதற்கு முன்பே 1994இல் தெரீஸ் மக்கான், 'என் நேரம் என் பிடியில் இருக்கிறது' என்ற உணர்வுதான் நடுவில் நின்று மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்று காட்டியிருந்தார். அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? டைரியில் இருந்து மட்டும் வருமா? வராது என்பது என் முடிவு. அதற்கு ஆதாரமாக ஒருவரின் பத்தாண்டுகளை விரிவாகப் பார்க்கலாம். அவரும் கடைசியில் மல்லேஸ்வரத்தில் வீடு வாங்கியவர்தான்.

1907ஆம் ஆண்டின் நடுவில், திருச்சியில் பிறந்த பதினெட்டு வயது சந்திரசேகர வெங்கட ராமன், நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக வேலையில் சேர்ந்தார். இயற்பியல் ஆராய்ச்சிதான் ஆசை. ஆனால் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இல்லை. ஒரு நாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். கதவைத் திறந்தவர் ஆசு பாபு என்கிற அசுதோஷ் தே. கல்லூரி வாசலை மிதிக்காத அந்த மனிதர், பின்னால் இருபத்தைந்து ஆண்டு ராமனின் ஆய்வு உதவியாளராக இருந்தார்.

ராமனின் அன்றாடத்தை மனைவி லோகசுந்தரி பின்னாளில் நினைவிலிருந்து சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்குக் கழகத்துக்குப் போவார். ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பி, குளித்து, அவசர அவசரமாகச் சாப்பிட்டு, தாமதமாகிவிடக்கூடாது என்று வாடகைக் கார் பிடித்து அலுவலகம் போவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராக மறுபடி கழகம். வீடு வந்து சேர ஒன்பதரை, பத்து ஆகும். ஞாயிறு முழுதும் அங்கேயே. இடையில் 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1917இல் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்காக அரசு வேலையை விட்டபோது சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இதைக் கேட்டவுடன் 'எப்பேர்ப்பட்ட மன உறுதி' என்று சொல்லத் தோன்றும். மன உறுதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளின் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதலாவது, இடம். குறிக்கோளுக்கு என்று ஒரு தனிக் கட்டடம். அங்கே நுழைந்தால் கோப்பு கிடையாது, கணக்கு கிடையாது. இரண்டாவது, தூரம். சில காலத்துக்குப் பின் ராமன் கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோனார். வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குள் நுழைய நடுவில் ஒரு கதவு வைத்துக்கொண்டார். நேரம் பற்றி எழுதப்பட்ட பல நூறு பக்கங்களைவிட அந்தக் கதவு எனக்கு அதிகம் கற்றுத்தருகிறது. காலை நாலே கால் மணி நேரம் உழைப்பதற்காக அரை மணி பயணம் செய்ய வேண்டியிருந்தால் பத்தாண்டு தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். மூன்றாவது, எடுத்துக்கொண்ட பொருள். அந்த ஆண்டுகளில் அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் ஒலியும் அதிர்வும்தான். வில் கொண்டு மீட்டும் தந்தி எப்படி அதிர்கிறது என்பது போன்ற கேள்விகள். பெரிய கருவிகள் வேண்டாம், இரவு பகலாக ஓட்ட வேண்டிய பரிசோதனை வேண்டாம். கிடைத்த நேரத்துக்கு ஏற்ற அளவில் கேள்வியை வெட்டிக்கொண்டார். வயலின் தந்தி பற்றிய அவருடைய பெரிய ஆய்வேடு 1918இல் வெளிவந்தது. மிருதங்கத்தில் ஏன் இசைவான சுருதி பிறக்கிறது என்ற கட்டுரை 1920இல் வந்தது. ஒளிச்சிதறல் அதற்குப் பிறகுதான். 1928 பிப்ரவரி 28, பிறகு 1930இன் நோபல் பரிசு. நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று தெரிந்தும் முழுநேரக் கனவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தவிக்கும் பலரை நான் பார்க்கிறேன். அவர்கள் கேள்வியை வெட்டத் தெரியாதவர்கள்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிவிடும். ஒன்பதே முக்காலுக்கு வந்தவருக்கு இலையில் சோறு தயாராக இருந்தது. வெந்நீர், துணி, விருந்தாளி, சந்தை, நோய், குழந்தை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் சுமந்தார். லோகசுந்தரி வீணை வாசிக்கத் தெரிந்தவர். அவருடைய நாளில் வீணைக்கு என்று ஓர் ஐந்தரை மணி இருந்ததா? கணவரின் நாளை மணிப் பிசகாமல் அவர் நமக்குச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய நாளைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

இது பழைய கதை அல்ல என்பதற்கு அரசாங்கத்தின் புள்ளிவிவரமே போதும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289க்கும் 88க்கும் வந்தது. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அதே ஐந்தாண்டில் ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேலே அப்படியே நிற்கிறது. ராமன் விடிகாலையில் கழகத்தில் கழித்த நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அளவை நெருங்கும் ஒரு பொழுது, ஒரு குறிக்கோளைப் பத்தாண்டில் எட்டத் தேவையான அளவு, நாள்தோறும் ஒரு தரப்பின் கையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. 'பெண்கள் நேரத்தைத் திட்டமிடக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை டிபன், மதிய டப்பா, பள்ளி வேன், மாமியாரின் மாத்திரை என்று நான்கு அடுப்பை ஒரே நேரத்தில் பார்ப்பவருக்குத் திட்டமிடல் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

திட்டமிடல் பற்றிய ஆய்வுகளில் மூன்று, வீட்டில் உடனே பயன்படக்கூடியவை. 1994இல் கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றதற்கு 49 என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். நாம் மனதில் நினைக்கும் மிக மோசமான நிலைமைகூட நடப்பைவிட நல்லதாகவே இருக்கிறது. அடுத்தது, ஜெர்மனியின் பீட்டர் கோல்விட்சர் சொன்னது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லி, ஒரு பகுதியினரை மட்டும் எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் முடித்தார்கள், குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர். 'தினமும் படிப்பேன்' என்பதைவிட, 'காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் ஜன்னலோர மேசையில் உட்காருவேன்' என்பது வலுவானது. மூன்றாவது, லண்டனில் 2010இல் பிலிப்பா லாலி 96 பேரிடம் செய்தது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்க ஆனது நடுத்தரமாக 66 நாள். ஆனால் 18லிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஒரு மண்டலம் விடாமல் செய்வதாகத் தொடங்கி, நாற்பதாம் நாள் காய்ச்சலில் விட்டுப்போனதும் 'இனி அவ்வளவுதான்' என்று கைவிடுபவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

மல்லேஸ்வரத்தின் கதையும் நேரத்தோடு பின்னியதே. 1890களில் மனை பிரித்து, 1898இன் பிளேக் நோய்க்குப் பின் வேகமாக நிரம்பிய பேட்டை இது. குறுக்குத் தெருக்களில் நடந்தே கோயில், பள்ளி, சந்தை, கல்லூரி எல்லாவற்றையும் எட்டிவிடலாம் என்பதுதான் அதன் அருமை. வேலை தூரமாகப் போனதும் அந்தக் கணக்கு உடைந்தது. 2019இல் டாம்டாம் நிறுவனத்தின் உலகப் பட்டியலில் பெங்களூர்தான் போக்குவரத்து நெரிசலில் முதலிடம். வழி காலியாக இருந்தால் ஆகும் நேரத்தைவிடச் சராசரியாக 71 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. 2023இல் நகரின் நடுப்பகுதியில் பத்து கிலோமீட்டர் போக 28 நிமிடம் 10 விநாடி. மல்லேஸ்வரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். போக வர இரண்டு மணி நேரம் சாலைக்கே போகிறது. ராமனின் கதவுக்கு நேர் எதிரான வாழ்க்கை இது. 2023 அக்டோபரில் ஊதா வழித்தட மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கியதை நான் ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். சம்பிகே சாலை நிலையத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் போய்விடலாம். வேகத்தைவிட முக்கியம், எப்போது போய்ச்சேர்வோம் என்று சொல்ல முடிவதுதான். கணக்குக்கு வரும் நேரத்தில்தான் ஒரு புத்தகத்தைத் திறக்க மனம் வரும்.

அந்த மனமும் முழுதாக வருவதில்லை. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று 2009இல் சோஃபி லெராய் காட்டினார். கைப்பேசியின் ஒவ்வொரு அழைப்பொலியும் அப்படி ஒரு பங்கைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனாலும் துண்டு துண்டான நேரத்தில் பெரிய காரியம் நடக்காது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. மல்லேஸ்வரத்துக்கு வடக்கே ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எஸ். ரங்கராஜன் என்பவர் எழுத்தாளர் சுஜாதாவாகவும் இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் பங்கு ஒரு பக்கம், குமுதத்துக்கும் விகடனுக்கும் தொடர்கதை மறு பக்கம். வாரப் பத்திரிகையின் கெடு அவருக்குக் கதவாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். அடுத்த அத்தியாயத்துக்காக அச்சகம் காத்திருக்கும்போது, எழுத மனநிலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தனக்குத்தானே வைக்கும் கெடுவைவிட, வெளியில் ஓர் ஆள் காத்திருக்கும் கெடு பல மடங்கு உறுதி.

ராமன் 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தார். அந்தக் கழகம் மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் 'பஞ்சவடி' வீட்டையும் பின்னர் வாங்கினார். அதே 1933இல் பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்ற மாணவி சேர விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் ராமன் மறுத்தார். அவர் விடவில்லை, நேரில் வந்து நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. ஓர் ஆண்டு சோதனைக் காலம், வழிகாட்டி கேட்டால் இரவிலும் வேலை செய்ய வேண்டும் என்பவை அவற்றில் சில. தன் இருபதுகளில் கிடைத்த கதவின் அருமை தெரிந்த மனிதர், இன்னொருவருக்கு அதைத் திறக்கத் தயங்கினார் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பலமுறை இந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். நேராகச் சொல்வதே நியாயம். கமலா சோஹோனியாகப் பின்னால் அறியப்பட்ட அவர் கேம்பிரிட்ஜ் போய் 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேடு நாற்பது பக்கம்தான். பெங்களூரில் அந்தச் சோதனைக் காலத்தை அவர் முடித்துக்காட்டிய பிறகு அங்கே பெண்களுக்கு வழி விட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940இல் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரத்தின், மாணிக்கத்தின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒளி மிக மங்கலானது என்பதால் ஒரு புகைப்படத் தகடு பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். தகட்டின் நேரம்தான் அவருடைய நேரம். இரவுகளில் ஆய்வகத்திலேயே தங்கினார். 1942க்கும் 1945க்கும் நடுவில் தனியாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அவர் அதை எண்ணி உட்கார்ந்துவிடவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, மழையையும் காற்றையும் அளக்கும் கருவிகள் இங்கேயே தயாராக வழிசெய்தார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின் பெங்களூரில் காற்றின் வேகம் அளக்கும் கருவிகளுக்காக ஒரு சிறு பட்டறை நடத்தினார்.

பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேட்டை அட்டை போட்டுக் கட்டி ராமன் ஆய்வுக் கழகத்தில் வைத்திருக்கிறார்கள். மல்லேஸ்வரத்திலிருந்து சாங்கி ஏரிக்கரை வழியாக நடந்தே போய்விடலாம்.